முதல் வேண்டாம்

"உங்க டீச்சரம்மா காரம் தின்பாங்களா" என்று விஜயலட்சுமி கேட்டு முடிப்பதற்குள் சென்னை விமானம் கூரைக்கு மேலே வந்துவிட்டது. சுர்மாய் மீன் துண்டில் மசாலா தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. போர்ட் பிளேரில் அவர்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியில் விமானம் போகும்போது யாரும் பேசுவதில்லை. பேசியும் பயனில்லை, ஏர்போர்ட் அவ்வளவு பக்கம். பேச்சைப் பாதியில் நிறுத்திச் சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிகூட இந்த ஒழுங்கை மீறுவதில்லை. சில சண்டைகள் அந்த இடைவெளியிலேயே ஆறிப்போனதும் உண்டு. தேங்காய் துருவிக்கொண்டிருந்த உமா மகேஸ்வரிக்கு அன்று அந்தச் சத்தம் ஓயாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. ஃப்ராவ் லிண்ட்னர் வந்து, சாப்பிட்டு, கிளம்பிப் போகிறவரைக்கும் விமானமாகவே போய்க்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

"தின்பாங்களாடி?"

"கம்மியா போடும்மா."

"கம்மியா போட்டா அது குழம்பா, மருந்தா?" என்றாள் விஜயலட்சுமி. போட வேண்டியதைப் போட்டாள்.

ஃப்ராவ் லிண்ட்னர் ஹைதராபாத்தில் உமாவின் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியும் பண்பாடும் கற்பிக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர், உயரமானவர், சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னே வந்து வாசலில் நிற்கிறவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஹேவ்லாக் தீவுக்கு வந்திருந்தார். திரும்பும் வழியில் ஞாயிற்றுக்கிழமை போர்ட் பிளேரில் இருப்பேன், நீ வளர்ந்த இடத்தைப் பார்க்கலாமா என்று உமாவுக்குச் செய்தி அனுப்பினார். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த உமா அதை யாருக்கும் காட்டாமல் அமுக்கப் பார்த்தாள். முடியவில்லை. போனில் ஜெர்மன் எழுத்தைப் பார்த்துவிட்ட அப்பா இராமகிருஷ்ணன், என்ன ஏது என்று துருவிக் கேட்டு, விஷயம் தெரிந்ததும் துள்ளிக் குதித்துவிட்டார். அவர் மின்சாரத் துறையில் ஹெட் கிளார்க். மகள் எம்.ஏ. ஜெர்மன் படிப்பது அவருடைய செக்‌ஷனில் ப்யூன் முதல் இன்ஜினியர் வரை எல்லோருக்கும் தெரியும். ஜெர்மன் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று முதுகுளத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்டால், "அது பெரிய சப்ஜெக்ட்டு, உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்று வைத்துவிடுவார். அவருக்கும் புரியாது என்பது உமாவுக்கு மட்டும் தெரியும். புரியாமலேயே ஒருவர் இவ்வளவு நம்பிக்கை வைப்பதுதான் அவளுக்குச் சுமையாக இருந்தது.

விஷயம் இதுதான். அக்டோபரில் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்க இரண்டு இடம் வந்தது. போக வர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்கு வேண்டிய மொழித் தேர்வை வகுப்பில் உமாவும் ஷீலாவும் மட்டுமே முடித்திருந்தார்கள். இரண்டு பேர், இரண்டு இடம். குழப்பத்துக்கே வழியில்லாத கணக்கு. லிண்ட்னர் முதலில் ஷீலாவைக் கூப்பிட்டார், அவள் உள்ளே போன வேகத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அடுத்து உமா போனாள். "உனக்குப் போக விருப்பமா?" என்று கேட்டார். இதைவிட நேரான கேள்வி உலகத்தில் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததிலிருந்து உமா கனவு கண்டுகொண்டிருந்த ஊர், நாக்கு நோக நோகப் படித்த மொழி, எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. உமா சொன்னாள்: "பரவாயில்லை மேடம், வேண்டாம். வேறு யாருக்காவது கொடுங்கள். வீட்டில் விடமாட்டார்கள்." ஒரு பிழை இல்லாத, சுத்தமான ஜெர்மனில் சொன்னாள்.

அவள் மனசில் வேண்டாம் என்ற எண்ணமே இல்லை. அது வாய் தானாகச் சொன்னது. பக்கத்து வீட்டு நீலாவதியக்கா நண்டு வறுவல் கொண்டுவந்தால், "எதுக்குக்கா, வேணாம்க்கா, பிள்ளைகளுக்கு வைங்க" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் விஜயலட்சுமி வாங்குவாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை பாத்திரத்தைப் பிடித்திருக்கும். முதல் தரமே வாங்கிக்கொண்டால் காணாததைக் கண்டவர்கள் என்று ஆகிவிடும். வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை என்பது அந்த வீட்டில் ஒரு வசவு. அப்படி வளர்ந்த உமா, முதல் வேண்டாமைச் சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். லிண்ட்னர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "வருத்தமாக இருக்கிறது. ஆனால் உன் முடிவை மதிக்கிறேன். தெளிவாகச் சொன்னதற்கு நன்றி" என்றார். உமா அப்போதும் நகரவில்லை. "வேறு ஏதாவது?" என்று கேட்டார். "இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று, என்ன செய்தோம் என்று அவளுக்கே விளங்காமல் முழித்தாள்.

கூத்து என்னவென்றால், ஜெர்மானியர்கள் மனசில் இருப்பதை அப்படியே சொல்வார்கள், பிறர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று அதற்கு முந்தைய மாதம்தான் உமா ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான். ஏட்டில் புரிந்தது நாக்குக்கு எட்டவில்லை. நாளைக்கு மறுபடி கேட்பார், திங்கட்கிழமை கேட்பார் என்று பார்த்தாள். லிண்ட்னர் கேட்கவில்லை. அவர் அறைக் கதவு வரை போவதும், யாராவது வந்தால் நோட்டீஸ் போர்டைப் படிப்பதுபோல நிற்பதுமாக நாள் போனது. வேண்டாம் என்று சொன்ன வாயால் வேணும் என்று எப்படிச் சொல்வது? நாள் ஆக ஆக அது இறுகிக்கொண்டே வந்தது. இப்போது அதற்கு மேல் ஒரு பயம். விடமாட்டார்கள் என்று யார் தலையில் பழியைப் போட்டாளோ, அந்த அப்பாவுக்கு எதிரிலேயே லிண்ட்னர் வந்து உட்காரப்போகிறார். அப்பாவுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் தெரியும். லிண்ட்னர் வாயைத் திறந்தால் போதும்.

படகு நிற்கும் ஜெட்டிக்கு உமாவோடு இராமகிருஷ்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். ஹேவ்லாக் போட் வந்து, வெயிலில் மூக்குச் சிவந்துபோன லிண்ட்னர் இறங்கியதும், சீவித் தயாராக வைத்திருந்த இளநீரை நீட்டினார். லிண்ட்னர் தன் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, வேண்டாம், நன்றி என்றார். இராமகிருஷ்ணன் அதைக் கையிலேயே திணித்தார். லிண்ட்னர் மரியாதைக்காகக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "அரே பையா, ஔர் ஏக் தோ" என்று இராமகிருஷ்ணன் இளநீர்க்காரரிடம் உடனே இன்னொன்றுக்குச் சொன்னார். அதையும் குடித்துவிட்டுத்தான் லிண்ட்னர் ஆட்டோ ஏறினார்.

ஆட்டோவில் அப்பா ஆரம்பித்துவிட்டார். "மேடம், மை டாட்டர் ஹவ்?"

"அவள்தான் வகுப்பில் சிறந்தவள்" என்றார் லிண்ட்னர் இங்கிலீஷில். "அதனால்தான் எனக்கு வருத்தம், அந்த..."

"மேடம், அங்கே பாருங்கள்!" என்று உமா கையை வெளியே நீட்டினாள். என்ன இருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை. நல்லவேளை, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. "நான் படித்த பள்ளி."

இராமகிருஷ்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எப்பத்தா அங்க படிச்ச?"

"எல்.கே.ஜி.ப்பா. மறந்துட்டீங்க." வீடு வந்து சேர்வதற்குள் அவள் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் யாரோ கட்டிக்கொண்டிருந்த பாதி வீட்டையும்கூட லிண்ட்னருக்குச் சுற்றிக் காட்டியிருந்தாள்.

நீலாவதியக்கா வீட்டிலிருந்து வாங்கி வந்த நாற்காலியில் லிண்ட்னரை உட்கார வைத்து, அவருக்கும் எதிரில் உட்கார்ந்த இராமகிருஷ்ணனுக்கும் மேசையில் வாழை இலை போட்டார்கள். சோறு, சுர்மாய்க் குழம்பு, இறால் தொக்கு, கோவைக்காய்ப் பொரியல், அப்பளம். அவர் ஹைதராபாத்தில் பழகியிருந்ததால் கையாலேயே பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார். இலையைத் துடைத்ததுபோல் காலி செய்துவிட்டு, வேண்டாம், போதும் என்று கையைக் காட்டினார். விஜயலட்சுமி முகமெல்லாம் மலர்ந்துபோய் இரண்டாவது கரண்டிச் சோற்றை வைத்தாள். அதற்குமேல் குழம்பு, அதற்குமேல் இன்னொரு துண்டு மீன். லிண்ட்னர் உமாவைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சாப்பிட்டார். அவருடைய ஊரில் பரிமாறியதை மிச்சம் வைப்பது வீட்டுக்காரரை அவமதிப்பது. விஜயலட்சுமியின் ஊரில் இலை காலியானால் பசி அடங்கவில்லை என்று அர்த்தம். ஒருத்தர் மரியாதைக்காகக் காலி செய்ய, இன்னொருத்தர் மரியாதைக்காக நிரப்ப, இது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"பஸ், பஸ்" என்று பல்கலைக்கழக மெஸ்ஸில் கற்ற இந்தியிலும் போதும் என்று சொல்லிப் பார்த்தார். விஜயலட்சுமிக்குத் தாய்மொழிபோல இந்தி வரும். "க்யா பஸ் பஸ், கூச்சப்படாதீங்க, சாப்டுங்க" என்று மூன்றாவது கரண்டியைத் தூக்கினாள். லிண்ட்னரின் நெற்றியில் வேர்வை பூத்தது. கண்ணில் மெய்யாகவே ஒரு கலக்கம். பாவமாக இருந்தது உமாவுக்கு. இவ்வளவு நேரம் தன் பயத்தையே கட்டிக்கொண்டு இருந்தவள், அந்தக் கண்ணைப் பார்த்ததும் அதை மறந்துபோனாள்.

"மேடம், நீங்கள் இலையைக் காலி செய்யாதீர்கள்" என்றாள் ஜெர்மனில். "கொஞ்சம் மிச்சம் வையுங்கள், இல்லையென்றால் அம்மா நிறுத்தமாட்டாள்."

"நான் வேண்டாம் என்று சொன்னேனே. இரண்டு மொழியில் சொன்னேன்."

"சொன்னீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் முதல் வேண்டாம் நிஜமான வேண்டாம் இல்லை. அது மரியாதை. இரண்டாவது வேண்டாமும் அப்படித்தான். மூன்றாவது தடவை சொன்னால்தான் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்வார்கள். முதல் தடவை வேண்டாம் என்று சொன்னால், மறுபடி கேளுங்கள் என்று..."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதி வாக்கியத்தில்தான் உறைத்தது. நிறுத்த முடியவில்லை. ஜெர்மனில் வினை கடைசியில் வரும் வாக்கியமாக வேறு அது அமைந்துவிட்டது. முடித்தே தீர வேண்டும். முடித்தாள். லிண்ட்னரின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் வேர்வையைத் துடைக்காமல், உமாவையே பார்த்தார்.

"அப்படியானால் அக்டோபரில் என் அறையில் நீ சொன்ன வேண்டாம்," என்றார் மெதுவாக, "அது எத்தனையாவது?"

"முதலாவது."

"மற்ற இரண்டும்?"

"நீங்கள் திரும்பக் கேட்கவே இல்லையே, மேடம்."

லிண்ட்னர் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு பதில் சொன்ன பிறகும் மறுபடி கேட்பது, உன் சொல்லை நான் நம்பவில்லை என்பதுபோல ஆகும் என்று நினைத்ததாகச் சொன்னார். உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒவ்வொரு முறை உன்னைப் பார்க்கும்போதும் என்னையே அடக்கிக்கொண்டேன் என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. இப்போது கேட்கிறேன். உனக்குப் போக விருப்பமா?"

"விருப்பம்" என்றாள் உமா. எங்கே நாக்கு மறுபடி முந்திக்கொள்ளுமோ என்று பயந்து, அவர் கேள்வியை முடித்த கையோடு சொல்லிவிட்டாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"என்னாத்தா, ஏன் அழுகுற?" இராமகிருஷ்ணன் எழுந்துவிட்டார். "டீச்சர் திட்டுறாங்களா? குழம்பு காரமா?"

லிண்ட்னர் அவரிடம் இங்கிலீஷில் சொன்னார். இடம் வந்ததையும், உமா வேண்டாம் என்றதையும், வீட்டில் விடமாட்டார்கள் என்று காரணம் சொன்னதையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இராமகிருஷ்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவர், கடைசி வாக்கியத்தில் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நானா?" என்றார். "நான் எப்பத்தா விடமாட்டேன்னேன்?"

"சொல்லலப்பா. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்கு எம்பேருதான் கெடச்சுச்சா?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், எச்சில் கையோடு, இலையைப் பார்த்தபடி நின்றார். உமாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விஜயலட்சுமிதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பெத்தவன் பேரச் சொல்லாம வேற யார் பேரச் சொல்லுவா, விடுங்க" என்றாள். "அந்தம்மா ஏதோ கேக்குது பாருங்க."

லிண்ட்னர் அந்த இடம் இன்னும் யாருக்கும் போகவில்லை என்று சொன்னார். வேறு யாரும் தேர்வு முடிக்கவில்லை, கொடுக்க ஆளில்லை. எங்களுக்கு வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதியிருக்க வேண்டும். மனசு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஒரு ஜெர்மன்காரி செய்யக்கூடாத காரியம் என்று சிரித்தார். பிறகு இராமகிருஷ்ணனை நேராகப் பார்த்துக் கேட்டார், மகளை அனுப்புவீர்களா என்று.

"அய்யோ, நோ நோ மேடம்" என்றார் இராமகிருஷ்ணன், கையை ஆட்டிக்கொண்டு. "ஒய் சோ மச் ட்ரபிள் ஃபார் யூ?"

லிண்ட்னரின் முகம் விழுந்தது. சட்டென்று உமா பக்கம் திரும்பினார். உமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு விரலைக் காட்டினாள். லிண்ட்னரின் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

"ஷீ இஸ் ஸ்மால் கேர்ள், மேடம். லெட் இட் பி." இரண்டு விரல்.

விஜயலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க நீங்க! அந்தம்மா நெசம்னு நம்பி எந்திரிச்சுப் போயிரப்போகுது. வேணும்னு சொல்லித் தொலைங்க!"

லிண்ட்னர் மூன்றாவது தடவை கேட்டார். இராமகிருஷ்ணன் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கையைக் கீழே போட்டார். "எஸ், மேடம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ப்ளீஸ்" என்றார். அந்தச் சொல்லை ஆபீஸ் கடிதங்களில் எத்தனையோ முறை எழுதியிருப்பார். அவர் வாயால் அதைச் சொல்லி உமா கேட்டதே இல்லை. ஏதோ பெரிய சாமானைத் தலையிலிருந்து இறக்கி வைத்தவர்போல நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

இன்று ராத்திரியே எழுதுகிறேன் என்றார் லிண்ட்னர். அங்கே இப்போது விடுமுறை, பதில் வர நாளாகும், கெடு முடிந்தது என்றும் சொல்லலாம், உறுதி தர முடியாது என்றும் சொன்னார். அதையும் நேராகத்தான் சொன்னார். ஆச்சரியமாக, உமாவுக்கு அது வலிக்கவில்லை. இத்தனை வாரம் நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது போன இடம் தெரியவில்லை. கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டாலும் கேட்டாகிவிட்டது. அன்று முதல் முறையாகப் பசித்தது. அப்போதுதான், காலையிலிருந்து தான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. லிண்ட்னர் தன் இலை ஓரத்தில் ஒரு கைப்பிடிச் சோற்றைக் கவனமாக ஒதுக்கி வைத்து, இது போதுமா என்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

அப்பாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. தன் இலையிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தார். "எல்.கே.ஜி. அங்கதான் படிச்சியாக்கும்" என்று முணுமுணுத்தார். உமா சிரித்துவிட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

விஜயலட்சுமி பாயசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லிண்ட்னருக்குக் கொஞ்சமாக, அவருக்கு நம்பிக்கை வரும் அளவுக்கு ஊற்றினாள். உமாவிடம் வந்து நின்று, "உனக்கு ஊத்தவா..." என்று ஆரம்பிக்கும்போது கொல்கத்தா விமானம் கூரைக்கு மேலே வந்துவிட்டது. மேசை அதிர்ந்தது. வழக்கம்போல எல்லோரும் இருந்தபடியே அசையாமல் இருந்தார்கள். விஜயலட்சுமி திறந்த வாயோடு, இராமகிருஷ்ணன் பிசைந்த கையோடு, லிண்ட்னர் இவர்களைப் பார்த்துத் தானும் கரண்டியை நிறுத்திக்கொண்டு. அந்தச் சத்தத்தில் வேணும் என்றாலும் வேண்டாம் என்றாலும் யாருக்கும் கேட்காது. உமா சத்தம் அடங்கும்வரை காத்திருக்கவில்லை. டம்ளரை எடுத்து அம்மாவுக்கு எதிரே நீட்டினாள், கை ஆடாமல், விளிம்புவரை ஊற்றட்டும் என்று.